சாயக்கழிவு நீருக்கு வி-குரூவ் நெபுலைசர்: என் அனுபவம்

திருப்பூர் சாயக்கழிவு நீரில் குரோமியம், காப்பர் பார்க்கும்போது ஐசிபி-ஓஇஎஸ் கருவியின் (சூடான ஆர்கான் பிளாஸ்மாவில் உலோகங்கள் உமிழும் ஒளியை அளப்பது) சிக்னல் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. காரணம் உப்பு. மாதிரியை நுண்சாரலாக்கும் பழைய கண்ணாடி நெபுலைசரின் முனையில், உலர்ந்த ஆர்கான் வாயு நீரை ஆவியாக்கிவிடும். உப்பு அங்கேயே படிகமாகி நுண்குழாயை அடைக்கும்.

செலவு குறைந்த வழி, வி-குரூவ் நெபுலைசருக்கு மாறியதுதான். மாதிரி நீர் ஒரு பள்ளத்தில் வழிந்து வரும். அதிலுள்ள சிறு துளையிலிருந்து சீறும் ஆர்கான் அதைச் சிதறடிக்கும். மாதிரி நுண்குழாய்க்குள் நுழைவதே இல்லை என்பதால் அடைப்பு அரிது. ஆனால் சாரல் கொஞ்சம் முரடு; அளவீட்டின் சீர்மை குறையும். அதனால் பிளாங்க் (உலோகம் சேர்க்காத கரைசல்), ஸ்டாண்டர்டு (அளவு தெரிந்த கரைசல்) உட்பட எல்லாவற்றிலும் 1 பிபிஎம் யிட்ரியம் சேர்த்து, அதன் ஒளியை 371.03 நானோமீட்டரில் பார்த்து, அது ஏறி இறங்குவதற்கு ஏற்ப மற்ற அளவீடுகளைத் திருத்துகிறேன்.

கரைந்த உலோகம் மட்டும் வேண்டுமானால் முதலில் 0.45 மைக்ரானில் வடிகட்டி, பிறகே அமிலம் சேர்க்க வேண்டும். 2% நைட்ரிக் அமிலத்தில் 5 மடங்கு நீர்க்கச் செய்து, மாதிரிகளுக்கு நடுவே அதே அமிலத்தால் ஒரு நிமிடம் கழுவுகிறேன். மாதிரியைக் கொண்டுவரும் பம்ப் ட்யூப் தட்டையானால் சிக்னல் துள்ளும், உடனே மாற்றுங்கள். வேலை முடிந்ததும் ட்யூபை அழுத்தும் கிளாம்பைத் தளர்த்திவிடுங்கள்.

பழைய கண்ணாடி நெபுலைசரைத் தூக்கிப் போட வேண்டாம், குடிநீர் மாதிரிக்கு அதுதான் நல்லது. அடைத்தால் கம்பி விடவே கூடாது, அல்ட்ராசோனிக் தொட்டியிலும் போடக்கூடாது. முனைப்பக்கமிருந்து சிரிஞ்சால் வெதுவெதுப்பான நீரைப் பின்னோக்கித் தள்ளினால் உப்பு கரைந்து வந்துவிடும்.