அரிசி ஆலை அலுவலகத்தில் ஆளுக்கொரு உரிமம்: ரிமோட் டெஸ்க்டாப்பை முறைப்படுத்தும் வழி

மன்னார்குடி, கும்பகோணம் வட்டாரங்களில் உள்ள ஓர் அரிசி ஆலை, கணக்கர், கொள்முதல் எழுத்தர், எடைமேடை ஊழியர் அனைவரும் ஒரே விண்டோஸ் சர்வரில் ரிமோட் டெஸ்க்டாப் (வேறு கணினியிலிருந்து சர்வரின் திரையைத் திறந்து வேலை செய்யும் வசதி) வழியாக வேலை செய்யும்படி அமைக்க விரும்பினால், முதலில் ஆட்களையும் கணினிகளையும் தனித்தனியே எண்ணிக்கொள்ள வேண்டும். எடைமேடை அறையின் ஒரே கணினியைப் பல ஊழியர்கள் ஷிப்ட் முறையில் பயன்படுத்தினால், அந்தச் சாதனத்துக்கு உரிமம் வாங்குவது சிக்கனம். ஆலையிலும் கிளையிலும் வீட்டிலும் வெவ்வேறு கணினிகளைத் திறக்கும் கணக்கருக்குப் பயனர் உரிமமே பொருந்தும். சர்வரை அணுகும் உரிமம் வேறு, ரிமோட் டெஸ்க்டாப் உரிமம் வேறு, இரண்டும் தேவை.

இந்த ரிமோட் டெஸ்க்டாப் உரிமங்களை வழங்கிக் கணக்கு வைக்கும் உரிம சர்வரை நிறுவாமலே 120 நாள்கள் வேலை நடக்கும் என்பதால், பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். அந்தக் கெடு முடிந்ததும் இணைப்பு மறுக்கப்படும். அது அறுவடை நேரமாக அமைந்துவிட்டால் கொள்முதலே நின்றுபோகும்.

மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: பயனர் முறையில், வாங்கிய எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் நுழைந்தாலும் உரிம சர்வர் தடுப்பதில்லை. தடுக்கும் பொறுப்பு நம்முடையது. ஆக்டிவ் டைரக்டரியில் (பயனர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் விண்டோஸ் சர்வர் வசதி) ஒரு குழுவை உருவாக்கி, உரிமங்களின் எண்ணிக்கைக்கு மேற்படாமல் ஆட்களைச் சேர்த்து, ரிமோட் நுழைவு அனுமதியை அந்தக் குழுவுக்கு மட்டும் கொடுங்கள். குரூப் பாலிசி என்ற விண்டோஸ் அமைப்புகளில் உரிம முறையைப் ‘பயனர்’ என்று குறித்து, ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரே அமர்வு (session) என்ற கட்டுப்பாட்டையும் இயக்குங்கள்.

‘ஆபீஸ்’, ‘பில்லிங்’ என்ற பொதுக் கணக்குகளை அடியோடு நீக்குங்கள். ஒரு கணக்கைப் பலர் பகிர்ந்தாலும் ஒவ்வொருவருக்கும் உரிமம் தேவை. கம்பெனியாகப் பதிவு பெற்ற ஆலைகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. பொதுக் கணக்கில் திருத்தியவர் யார் என்பதே தெரியாமல் போவது நேர்மையான ஊழியருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

குறுவை, சம்பா அறுவடைக்கு மட்டும் வரும் எழுத்தர்களின் கணக்குகளுக்குத் தொடக்கத்திலேயே காலாவதித் தேதி குறித்துவிடுங்கள். வேலையை விட்டவரின் உரிமத்தை அடுத்தவருக்கு மாற்றலாம். பணியில் இருக்கும் இருவருக்குள் 90 நாள்களுக்குள் மாற்றி மாற்றிக் கொடுக்க விதியில் இடமில்லை. மாதந்தோறும் உரிம சர்வரின் நிர்வாகக் கருவியான உரிம மேலாளரில் பயனர்வாரி அறிக்கை எடுத்து, சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாத பெயரை அன்றே முடக்குங்கள்.