மக்களாட்சியைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மக்களாட்சி என்றாலே தேர்தல் என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு. அப்படி வரையறுக்கும் கோட்பாடு இருக்கத்தான் செய்கிறது. ஆளும் உரிமைக்காகத் தலைவர்கள் மக்களின் வாக்குகளை நாடிப் போட்டியிடும் ஏற்பாடே மக்களாட்சி என்று பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டர் 1942-இல் வாதிட்டார். அது பல மாதிரிகளில் ஒன்றுதான். பண்டைய ஏதென்ஸில் குடிமக்களே பேரவையில் கூடி முடிவெடுத்தார்கள். 500 பேர் கொண்ட ஆலோசனைக் குழுவைச் சீட்டுக் குலுக்கி அமைத்தார்கள். பதவிகளைச் சீட்டால் நிரப்புவது மக்களாட்சி, தேர்தலால் நிரப்புவது சிலராட்சி என்ற பார்வையை அரிஸ்டாட்டில் பதிவு செய்திருக்கிறார்.

இதை மறப்பதால்தான் உத்திரமேரூரிலும் தடுமாறுகிறோம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) கல்வெட்டுகளைக் காட்டி, அங்கே வாக்குப்பதிவு நடந்ததாகச் சொல்கிறார்கள். நடந்தது குடவோலை. குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப் பிரிவுகளிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அந்தத் தகுதிகளையும் பாருங்கள்: வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி. அது பிராமணர்களின் சபை. அந்த நிலங்களில் உழைத்தவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. ஏதென்ஸும் பெண்களையும் அடிமைகளையும் விலக்கியே வைத்திருந்தது. ஆனால் பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரோடு அவருடைய நெருங்கிய உறவினர்களின் பெயரையும் குடத்தில் இடக்கூடாது என்று உத்திரமேரூர் விதித்ததே, அதை நாம் பெருமையோடு சொல்லலாம்.

அடுத்து, பெரும்பான்மை முடிவே மக்களாட்சி என்பது. சுவிட்சர்லாந்தில் 1959-இல் ஆண்கள் மட்டும் வாக்களித்துப் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று பெரும்பான்மையாக முடிவு செய்தார்கள். கூட்டாட்சித் தேர்தல்களில் அந்த உரிமை கிடைக்க 1971 ஆனது. அடிப்படை உரிமைகளை வாக்கெடுப்புக்கு அப்பால் காக்க வேண்டும் என்று தாராளவாத மக்களாட்சி வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு நாட்டுக்கு ஒரு மக்களாட்சி மாதிரி என்று அட்டவணை போடுவதையும் விட்டுவிடுங்கள். அயர்லாந்தில் கருக்கலைப்புச் சட்டம் பற்றி ஆராய, சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 99 குடிமக்கள் ஒரு பேரவையாகக் கூடினார்கள். வல்லுநர்களின் கருத்துகளைக் கேட்டு விவாதித்து, 2017-இல் பரிந்துரை செய்தார்கள். 2018 மே மாதம் பொதுவாக்கெடுப்பு நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கலந்தாய்வு, நேரடி, பிரதிநிதித்துவம் என்று பாடநூல் பிரித்துக் காட்டும் மூன்றும் அந்த ஒரே முடிவில் சேர்ந்திருக்கின்றன.