350 விநாடியில் அறுந்த இணைப்பு

பட்டர்வொர்த் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளில் நாங்கள் பொருத்திய கருவிகள், 10 நிமிடத்துக்கு ஒருமுறை கிளவுட் சர்வர்களுக்குத் தகவல் அனுப்பும்போதெல்லாம் இணைப்பு அறுந்தது. சர்வர்களின் நிலையோ பச்சையாகவே இருந்ததால், கருவிகளைக் குறைகூறியே இரண்டு நாள்களை வீணடித்தேன். சிக்கல் இருந்ததோ இடையில்: வரும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் நெட்வொர்க் லோட் பேலன்சர், இரு முனைகளின் ஐபி முகவரிகள், போர்ட் எண்கள், நெறிமுறை ஆகியவற்றைக் கொண்டு ஒரு சர்வரைத் தேர்ந்து, இணைப்பு முடியும்வரை அதற்கே தரவை அனுப்புகிறது. ஆனால் நாங்கள் பயன்படுத்திய பேலன்சர், 350 விநாடி அசைவின்றிக் கிடக்கும் டிசிபி (தரவு அனுப்பும் நெறிமுறை) இணைப்பின் பதிவை ஓசையின்றி அழித்துவிடும். அசைவற்ற இணைப்பில் சிறு செய்தி அனுப்பி அதை உயிர்ப்புடன் வைக்கும் லினக்ஸின் கீப்அலைவ் வசதி இயல்பாக 7,200 விநாடி கழித்தே தொடங்குவதால் உதவவில்லை. அதை 200 விநாடியாகக் குறைத்து, நிரலிலும் அவ்வசதியை இயக்கிய பிறகே (இதை மறந்தால் முதல் மாற்றம் பயனற்றது) இணைப்புகள் நிலைத்தன.