நடு நைந்த விரிப்பைப் பிரித்துத் தைக்கும் முறை

படுக்கை விரிப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக நைவதில்லை. உடம்பு புரளும் நடுப்பகுதி வருடக்கணக்கில் தேய்ந்து மெலிந்துவிட, மெத்தைக்கு அடியில் செருகிக் கிடந்த ஓரங்கள் வாங்கிய நாளில் இருந்த அழுத்தம் குறையாமல் இருக்கும். எனவே, நடுவில் ஒரு கிழிசலைக் கண்டவுடன் முழு விரிப்பையும் கரித்துணியாக்கிவிடாமல், துவைத்துக் காய்ந்த விரிப்பை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சல்லடையில் தெரிவதுபோல் வெளிச்சம் கசியும் இடத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடிட்டுக்கொண்டால், எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டி எடுப்பது என்பது தெளிவாகிவிடும்.

வேலைக்கும் பள்ளிக்கும் ஆட்கள் ஓடும் வீட்டில், அளப்பது, வெட்டுவது, தைப்பது அனைத்தையும் ஒரே மூச்சில் முடிக்கத் திட்டமிட்டால் துணி மாதக்கணக்கில் தையல் இயந்திரத்தின் மேல் கிடக்கும். என் வீட்டில் ஒரு விரிப்பு தீபாவளியிலிருந்து பொங்கல் வரை அப்படிக் கிடந்தது. ஒரு நாள் வெட்டி, இஸ்திரி போட்டு, குண்டூசி குத்தி மடித்து வைத்துவிடுங்கள். தையலை வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இங்கே சொல்லப்போகும் எல்லாமே நேர்த்தையல்தான் என்பதால், பாதியில் எழுந்து போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.

முதலில் ஓரத்தை நடுவாக மாற்றும் முறை. 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள ஒற்றை விரிப்பை நீளவாக்கில் சரிபாதியாக வெட்டுங்கள். வெளிப்பக்கம் இருந்த இரண்டு நெசவுக் கரைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து, ஒன்றின் மேல் மற்றொன்று அரை அங்குலம் ஏறி நிற்குமாறு வைத்து, இரு கரை விளிம்புகளிலும் ஒவ்வொரு தையல் போடுங்கள். நெசவுக் கரை பிரியாது என்பதால் அதை மடிக்க வேண்டியதில்லை. தையல் தட்டையாக அமைவதால் படுப்பவரின் முதுகிலும் உறுத்தாது. இப்போது நைந்த பகுதி இருபுறமும் வெளியே வந்திருக்கும். அதில் பக்கத்துக்கு 3 அங்குலம் வெட்டி நீக்கி, விளிம்பை அரை அங்குலமாக இரண்டு முறை மடித்துத் தைத்தால், ஏறத்தாழ 51 அங்குல அகலத்தில் விரிப்பு கிடைக்கும். 36 அங்குல அகல மெத்தைக்கு இது தாராளமாகப் போதும். விரிப்பின் பக்கங்களில் நெசவுக் கரை இல்லாமல் மடித்துத் தைத்த ஓரம் இருந்தால், அந்தத் தடித்த ஓரத்தை வெட்டிவிட்டு, முதலில் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி கால் அங்குலத்தில் ஒரு தையலும், பிறகு துணியைத் திருப்பிப் பிசிறு உள்ளே அடங்கும்படி இன்னொரு தையலும் போடுவதே சரி.

ஊசியைப் பற்றிப் பலர் கவலைப்படுவதில்லை. சாதாரணப் பருத்தி விரிப்புக்கு 14ஆம் எண் ஊசி போதுமானது. சென்னிமலைப் போர்வை போன்ற தடித்த கைத்தறித் துணிக்கு 16 அல்லது 18 தேவைப்படும். அதை வெட்டியதும் இழை இழையாகப் பிரியத் தொடங்கும் என்பதால், வெட்டுவதற்கு முன்பே கோட்டின் இருபுறமும் ஒரு தையல் ஓட்டிவிடுவது நல்லது. பவானி ஜமக்காளத்தை வீட்டு இயந்திரத்தில் தைக்க முயன்று ஊசியை உடைத்துக்கொள்ள வேண்டாம். பிசிறிய ஓரத்துக்கு அகல நாடா வைத்து, கோணி ஊசியால் கையிலேயே தைத்துவிடலாம்.

இரட்டை விரிப்பின் நடுப்பகுதி சரிசெய்ய முடியாத அளவுக்குக் கிழிந்திருந்தால், அதன் இரு ஓரங்களிலிருந்தும் ஒவ்வொரு தலையணை உறை எடுக்கலாம். 17 அங்குலத்துக்கு 27 அங்குலம் உள்ள தலையணைக்கு, 19 அங்குல அகலமும் 64 அங்குல நீளமும் கொண்ட பட்டை வேண்டும். குறுகிய முனைகள் இரண்டிலும் ஒவ்வோர் அங்குலம் செலவாகும்படி மடித்துத் தைத்த பின் 62 அங்குலம் மிஞ்சும். நல்ல பக்கம் மேலே தெரிய விரித்து, ஒரு முனையிலிருந்து 6 அங்குலத்தில் கோடிடுங்கள். மறுமுனையை அந்தக் கோட்டைத் தொடும்வரை மடித்துக் கொண்டுவந்து, அதன் மேல் இந்த 6 அங்குலத்தையும் மடித்துப் போட்டு, இரு பக்கங்களிலும் அரை அங்குலம் விட்டுத் தையுங்கள். திருப்பினால் அந்த மடிப்பு உள்ளே போய்த் தலையணையைப் பிடித்துக்கொள்ளும். பொத்தானும் வேண்டாம், ஜிப்பும் வேண்டாம்.

காலையில் படுக்கையைச் சீர்செய்ய நேரமில்லாத வீட்டுக்கு எலாஸ்டிக் வைத்த விரிப்பு பெரிய உதவி. 72க்கு 36 அங்குலமும் 4 அங்குல உயரமும் உள்ள மெத்தைக்கு, உயரத்துக்கு 4, அடியில் மடங்க 4 என ஒவ்வொரு பக்கமும் 8 அங்குலம் கூட்டினால் 88க்கு 52 அங்குலத் துணி வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் 8 அங்குலச் சதுரம் வரைந்து, அதன் இரு உள்கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்துமாறு துணியைக் குறுக்காக மடித்து, கோட்டின் மேலேயே தைத்து, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். பிறகு விளிம்பில், ஒவ்வொரு மூலைக்கும் 10 அங்குல எலாஸ்டிக்கை இழுத்துப் பிடித்தபடி தைத்தால் போதும். சுற்றிலும் வைப்பது வீண் செலவு.

வெட்டி எடுத்த நைந்த நடுப்பகுதி பருத்தியாக இருந்தால், பலமுறை துவைத்து மிருதுவான அந்தத் துணியைவிடக் கைக்குழந்தைக்கு அடியில் விரிக்கப் பொருத்தமானது வேறில்லை. வங்காளத்துக் காந்தாவில் பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவதைப்போல, மூன்று நான்கு மடிப்பாக வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் கலந்த துணியைச் சூடான பாத்திரம் பிடிக்க மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. அது உருகிக் கையில் ஒட்டும். எந்தத் துணியானாலும், வெளிச்சத்தில் கசிவு தெரிந்த பகுதியைத் தூளி கட்ட ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். எத்தனை மடிப்பாகக் கட்டினாலும், குழந்தையின் எடையில் எந்த நேரத்திலும் அது கிழியக்கூடும்.