அலுமினியத் தண்டில் வெப்பம் பரவுவதைப் பென்சிலால் கணக்கிடுவோம்: முடிவுறு வேறுபாட்டு முறைக்கு ஓர் அறிமுகம்

வெப்பக் கடத்தலுக்கான வகைக்கெழுச் சமன்பாட்டை ஃபூரியே 1822-இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக விளக்கினார். ஆனால் பொருளின் வடிவமும் எல்லை நிபந்தனைகளும் எளிமையாக அமைந்தால்தான் அச்சமன்பாட்டுக்குத் தாளிலேயே தீர்வு காண முடியும். மற்ற இடங்களில் எண்ணியல் முறைகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அவற்றுள் முதலில் கற்கத் தக்கது முடிவுறு வேறுபாட்டு முறை. நிரல் எழுத உட்காரும் முன் இதை ஒருமுறையாவது கையால் செய்து பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

40 செ.மீ. நீளமுள்ள ஓர் அலுமினியத் தண்டை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கவாட்டில் வெப்பம் கசியாதபடி காப்பிடப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் தண்டு முழுவதும் 0 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. திடீரென இடது முனையைக் கொதிநீரில் வைத்து 100 டிகிரியிலும், வலது முனையைப் பனிக்கட்டியில் வைத்து 0 டிகிரியிலும் நிலைநிறுத்துகிறோம். அலுமினியத்தின் வெப்ப விரவல் திறன் (வெப்பநிலை மாற்றம் பொருளுக்குள் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதன் அளவு) நொடிக்கு ஏறத்தாழ 1 சதுர செ.மீ. என்பதால் கணக்கு எளிதாகிறது.

முதலில் தண்டை 10 செ.மீ. இடைவெளியில் ஐந்து புள்ளிகளாகக் குறித்துக்கொள்ளுங்கள். இரு முனைகளின் வெப்பநிலை நமக்குத் தெரியும். நடுவிலுள்ள மூன்று புள்ளிகளுக்குத்தான் விடை வேண்டும்.

அடுத்து, சமன்பாட்டிலுள்ள வகைக்கெழுக்களுக்குப் பதிலாக வேறுபாடுகளை இடவேண்டும். ஒரு புள்ளி தன் இரு அண்டைப் புள்ளிகளின் சராசரியைவிடக் குளிர்ந்திருந்தால் சூடேறும், சூடாக இருந்தால் குளிரும் என்பதே இரண்டாம் வகைக்கெழு இங்கே சொல்லும் செய்தி. அதை எண்களில் எழுதினால் இப்படி வரும்:

புதிய வெப்பநிலை = பழைய வெப்பநிலை + க × (இடது அண்டை + வலது அண்டை − 2 × பழைய வெப்பநிலை)

க = விரவல் திறன் × காலப்படி ÷ இடைவெளியின் வர்க்கம்

காலப்படியை, அதாவது ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தை, 25 நொடி என்று கொண்டால், க = 1 × 25 ÷ 100 = 0.25. இனி வெறும் கூட்டல் கழித்தல்தான்:

தொடக்கத்தில்: 100, 0, 0, 0, 0
25 நொடியில்: 100, 25, 0, 0, 0
50 நொடியில்: 100, 37.5, 6.25, 0, 0
75 நொடியில்: 100, 45.31, 12.5, 1.56, 0

இப்படியே தொடர்ந்தால் நடுப்புள்ளிகள் மூன்றும் முறையே 75, 50, 25 ஆகிய மதிப்புகளை நெருங்கும். நெடுநேரம் கழித்து வெப்பநிலை நேர்கோடாக இறங்க வேண்டும் என்பதால், கணக்கைச் சரிபார்க்க இது நல்ல வழி.

நிரலில் இதை எழுதும்போது பலரும் செய்யும் பிழை, ஒரே அணியில் (array) பழைய மதிப்புகளின் மேல் புதியவற்றை எழுதிவிடுவது. அப்படிச் செய்தால் இரண்டாவது நடுப்புள்ளியைக் கணக்கிடும்போது இடது அண்டையாக 0-க்குப் பதில் 25 வந்து நிற்கும். 75-ஆம் நொடியில் வர வேண்டிய 1.56 முதல் படியிலேயே மூன்றாவது புள்ளியில் தோன்றிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது, கடைசி விடையும் சரியாகவே இருக்கும் என்பதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். பழையதற்கும் புதியதற்கும் தனித்தனி அணிகள் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேண்டுமென்றே காலப்படியை 100 நொடியாக்கிப் பாருங்கள்; க-வின் மதிப்பு 1 ஆகிறது. முதல் நடுப்புள்ளி 100-க்கு எகிறி, அடுத்த படியில் 0-க்கு விழுந்து, 300-ஆம் நொடியில் 200 டிகிரியைத் தொடுகிறது. அதே நேரத்தில் அதன் அண்டைப் புள்ளி −100 டிகிரியில் நிற்கிறது. கொதிநீரைவிடச் சூடான, பனிக்கட்டியைவிடக் குளிர்ந்த இடங்கள் இந்தத் தண்டில் உருவாக வழியே இல்லை.

காரணம் சூத்திரத்திலேயே இருக்கிறது. அதை மாற்றி அடுக்கினால், பழைய வெப்பநிலையின் கெழு (1 − 2க) என்று வரும். க 0.5-ஐத் தாண்டியவுடன் இந்தக் கெழு எதிர்மமாகிவிடுகிறது. அதாவது ஒரு புள்ளி இப்போது எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு குளிர்ச்சியாக அது அடுத்த நொடிகளில் இருக்கும் என்று கணக்கு சொல்லத் தொடங்குகிறது. எனவே க 0.5-ஐத் தாண்டக் கூடாது. நம் தண்டுக்குக் காலப்படியின் உச்சவரம்பு 50 நொடி.

இந்த வரம்புக்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று. துல்லியம் வேண்டி இடைவெளியை 5 செ.மீ. ஆக்கினால், வரம்பு 12.5 நொடியாகக் குறைகிறது. புள்ளிகள் இரு மடங்கு, காலப்படிகள் நான்கு மடங்கு. ஆக உழைப்பு எட்டு மடங்கு.

வலது முனையைப் பனிக்கட்டியிலிருந்து எடுத்துக் காப்பிட்டுவிட்டால் என்ன செய்வது? முனைக்கு வெளியே 10 செ.மீ. தள்ளி ஒரு கற்பனைப் புள்ளியை வைத்து, முனைக்கு உட்புறமுள்ள அண்டையின் வெப்பநிலையையே அதற்கும் கொடுங்கள். இருபுறமும் சமமாக இருப்பதால் முனையின் வழியே வெப்பம் பாயாது. அதே சூத்திரத்தை முனைப்புள்ளிக்கும் பயன்படுத்தலாம். இந்த முறை எல்லாப் புள்ளிகளும் 100-ஐ நோக்கி ஏற வேண்டும்.

காலப்படி வரம்பு உங்களை மிகவும் நெருக்கினால், கிராங்க், நிக்கல்சன் இருவரும் 1947-இல் வெளியிட்ட உள்ளுறை முறைக்குச் செல்லலாம். அது பழைய, புதிய வெப்பநிலைகள் இரண்டின் சராசரியையும் பயன்படுத்துவதால் எந்தக் காலப்படியிலும் கணக்கு வெடித்துச் சிதறாது. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒருங்கமை சமன்பாடுகளின் தொகுதி ஒன்றைத் தீர்க்க வேண்டும், காலப்படி மிகப் பெரிதானால் விடையில் பொய்யான அலைவுகளும் தலைகாட்டும்.