‘சோர்வு’ இல்லாத பேர்: எம்.இ./சி.எஃப்.எஸ். நோயாளிகள் தமிழ்ப் பெயர் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தை நடத்துவது எப்படி?

எம்.இ. என்பது ‘மயால்ஜிக் என்செஃபலோமயலைட்டிஸ்’, சி.எஃப்.எஸ். என்பது ‘க்ரானிக் ஃபெட்டீக் சிண்ட்ரோம்’; இரண்டும் ஒரே நோய்க்கு வழங்கும் பெயர்கள். இதில் இரண்டாவது பெயர் 1988-இல் அமெரிக்காவில் வைக்கப்பட்டது. அதை ‘நாள்பட்ட சோர்வு நோய்’ என்று தமிழாக்கிச் சொன்னதுமே, “எனக்கும்தான் அசதியா இருக்கு” என்று பதில் வரும். அசதி இந்த நோயின் ஒரு பகுதிதான். சக்திக்கு மீறி எதையாவது செய்தால், பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து உடம்பு விழுந்துவிடும். அதுதான் இதன் தனி அடையாளம். சனிக்கிழமை துணி துவைத்தவர் திங்கட்கிழமை எழுந்திருக்க மாட்டார். பேர் இதைச் சொல்ல வேண்டும்.

சேலம் பக்கத்து நோயாளிகள் என்றால், கூட்டத்தை ஏற்காட்டில் குளுகுளுவென்று வைக்கலாம் என்று யாராவது கிளம்புவார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினால் பாதிப் பேர் அந்த வாரம் முழுக்கப் படுக்கைதான். சேலத்திலேயே படியேறத் தேவையில்லாத தரைத்தளக் கூடம் பாருங்கள். மலையில் இருப்பவர்கள் போனில் சேரட்டும். சித்திரை வெயில் வேண்டாம், நிற்கும்போது தலைசுற்றுபவர்களுக்குச் சூடு ஆகாது. நாற்காலியோடு பாய், தலையணையும் போடுங்கள். மைக் கூடாது, பலருக்குச் சத்தம் ஆகாது. 20 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் படுக்கை, மறுபடி 20 நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட இழுக்காதீர்கள். மோரில் உப்பு போடலாம், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்பில்லாமல்.

ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் கேளுங்கள். “என்ன பேர் வைக்கலாம்?” என்று கேட்டால் அகராதித் தமிழ்தான் வரும். “வேலை செஞ்ச மறுநாள் எப்படி இருக்கும்?” என்று கேளுங்கள். ‘அடிச்சுப் போட்ட மாதிரி’, ‘சார்ஜே ஏறாத போன் மாதிரி’ என்று வருவதிலிருந்து பேர் கட்டி, ஒரு அட்டைக்கு ஒன்றாகப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். 12-க்கு மேல் போனால் கூட்டம் தாங்காது.

சில பேர்கள் கேட்க நன்றாக இருந்து, தெருவில் போய்க் கவிழும். 2015-இல் அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ அமைப்பின் குழு ஒன்று ‘உடல் உழைப்பைத் தாங்காமை’ என்ற பொருளில் புதுப் பெயர் பரிந்துரைத்தது. புழக்கத்தில் அது நிலைக்கவில்லை. தமிழில் ‘உழைப்பு ஒவ்வாமை’ என்று வைத்துப் பாருங்கள், “வேலைன்னாலே அலர்ஜியா?” என்று சிரிப்பார்கள். ‘பின்முடக்கம்’ என்றால் முடக்குவாதம் என்று கேட்டு எண்ணெய் தேய்க்கச் சொல்வார்கள். ‘மூளை’ வந்தால் மனநோய் என்பார்கள். ‘நரம்புத் தளர்ச்சி’யைத் தொடவே வேண்டாம், சுவர் விளம்பரங்களும் லாட்ஜ் வைத்தியர்களும் அதை எப்போதோ வேறு விஷயத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

மிஞ்சும் பேர்களை நோயை அறியாத மூன்று பேரிடம் சோதியுங்கள்: மெடிக்கல் கடைக்காரர், வீட்டுப் பெரியவர், பக்கத்துத் தறிக்காரர். “இதைக் கேட்டா என்ன நோய்னு தோணுது?” என்ற ஒரே கேள்விதான். விளக்கம் சொல்லாமல் முதல் பதிலை அப்படியே எழுதுங்கள். “ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்” என்று வந்தால் அந்த அட்டையைக் கிழித்துவிடலாம்.

ஓட்டுக்குக் கை தூக்கச் சொல்லாதீர்கள், சத்தமாகப் பேசியவர் பக்கம் சாயும். ஒவ்வொரு பேருக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் சீட்டு கொடுங்கள். படுத்த படுக்கையாய் இருப்பவர்களுக்காக இன்னொரு வாரம் திறந்து வையுங்கள். ‘மறுநாள் வீழ்ச்சி நோய்’ போன்ற பேரை எதிர்க்கப்போவது அவர்கள்தான்: கடுமையாக இருப்பவர்களுக்குப் பல் துலக்கினாலே அன்றைக்கே வீழ்ச்சி. நியாயமான எதிர்ப்பு. ‘உழைத்தபின் வீழ்ச்சி நோய்’ என்று மாற்றினால், ஆஸ்பத்திரி வரிசையில் சொல்ல நாக்கு சுற்றும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உண்மையான விவாதம். நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

முடிவான பேரை அட்டையில் அச்சடிக்கும்போது, கீழே எம்.இ./சி.எஃப்.எஸ். என்பதையும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-10-இல் இதற்குள்ள குறியீடான ஜி93.3-ஐயும் விடாமல் போடுங்கள். தமிழ்ப் பெயர் மட்டும் இருந்தால் டாக்டரால் எதையும் தேடி எடுக்க முடியாது.