ஆப்கான் பெண்கள் பாடும் வீடியோவைப் பகிர்வதற்கு முன்

தலை முதல் கால் வரை கறுப்புத் துணி, முகமும் மூடியிருக்கிறது, துணிக்குப் பின்னால் கொஞ்சம் அமுங்கினாற்போல ஒரு பாட்டு. இந்த மாதிரி வீடியோ உங்கள் ஃபோனுக்கும் வந்திருக்கும். 2024 ஆகஸ்டில் தாலிபான் கொண்டுவந்த 35 பிரிவுள்ள ஒழுக்கச் சட்டம், பெண்ணின் குரலே மறைக்க வேண்டியது என்று சொன்னது; வீட்டுக்குள் பாடினாலும் சத்தம் வெளியே கேட்கக் கூடாதாம். அதற்குப் பதிலடியாகத்தான் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்த ஆப்கான் பெண்கள் ஃபோனை எதிரே வைத்து, வீடியோ எடுத்தபடியே பாட ஆரம்பித்தார்கள்.

பகிருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் சத்தத்தைக் குறைத்துவிட்டு, படத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள். ஜன்னல் வழியே மலை தெரிகிறதா, சுவரில் குடும்பப் படம் மாட்டியிருக்கிறதா? அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்: யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? பாடுபவர் கவனிக்காமல் விட்டது, அவரைக் காட்டிக்கொடுக்கக்கூடியது ஏதாவது தட்டுப்பட்டால் அந்த இடத்தை வெட்டிவிடுங்கள், முடியாவிட்டால் பகிராமல் விடுங்கள். சோதனைச் சாவடியில் ஃபோனை வாங்கிப் பார்க்கிற ஊர் அது.

தெரிந்தவர் யாராவது நேரடியாக அனுப்பிய கோப்பு என்றால் இன்னும் கவனம் வேண்டும். வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால், எடுத்த இடமும் நேரமும் கோப்போடு சேர்ந்தே போகக்கூடும். சாதாரண வீடியோவாக அனுப்புங்கள், தரம் குறைந்தால் குறையட்டும்.

"இவர் யார், எந்த ஊர்?" என்று கமெண்டில் கேட்காதீர்கள், கேட்பவருக்குப் பதிலும் சொல்லாதீர்கள். பெயர் இல்லாவிட்டால் பாட்டுக்கு மதிப்பில்லை என்று நினைக்க வேண்டியதில்லை. ஆப்கானிஸ்தானின் பஷ்தூன் இனப் பெண்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் 'லண்டை' என்ற இரண்டடிப் பாட்டு இருக்கிறது, முதலடியில் 9 அசை, அடுத்ததில் 13; காதல், போர், கிழட்டுக் கணவனைக் கிண்டல் என்று எல்லாம் அதில் வரும், ஆனால் யார் கட்டியது என்று மட்டும் தெரியாது. அந்தச் சொல்லுக்கு விஷமுள்ள குட்டிப் பாம்பு என்றும் ஒரு பொருள் உண்டு. பெயர் இல்லாததால்தான் யாரையும் பிடித்துக் கேட்க முடியவில்லை.

தலைப்பில் "ஐயோ பாவம்" வேண்டாம், தயவுசெய்து பின்னணியில் சோக வயலினும் சேர்க்காதீர்கள். அவர் குரல் கேட்க வேண்டும் என்றுதானே இத்தனையும்! பாட்டு தாரி மொழியிலா, பஷ்தோ மொழியிலா என்று விசாரித்துப் போடுங்கள், சும்மா 'அரபிப் பாட்டு' என்று எழுத வேண்டாம். இடமிருந்தால் இதையும் சேர்க்கலாம்: 2021 மார்ச்சில், தாலிபான் மீண்டும் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, காபூல் கல்வித்துறை 12 வயது தாண்டிய மாணவிகள் பொது நிகழ்ச்சிகளில் பாடத் தடை போட்டது. பெண்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டைப் பாடி இணையத்தில் போட்டுத் தள்ள, அரசு பின்வாங்கியது.

கடைசியாக, பதிவைப் போட்டதோடு மறந்துவிடாதீர்கள், அவ்வப்போது மூலப் பதிவைப் போய்ப் பாருங்கள். அவர் அதை நீக்கியிருந்தால் உங்களுடையதையும் அன்றே நீக்கிவிடுங்கள், ஃபோனில் இருக்கும் பிரதியையும் சேர்த்து. ஏன் நீக்கினார் என்று தேடிக்கொண்டு போக வேண்டாம்.